காளான் கொட்டகையில் தொங்கிய சீட்டுகள்

எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த அன்று என் கணவர் அழுதார். நான் அழவில்லை. கம்பம் டவுனில் ரத்தம் கொடுத்த ஆய்வுக்கூடத்தின் படியில், முடிவுச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, துண்டால் முகத்தை மூடியபடி அவர் நின்றார். தெருவில் போகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. "வாங்க, பஸ்ஸு வந்துரும்" என்று அவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். எனக்கு முப்பத்தாறு வயது.

அவர் அழுததற்குக் காரணம் உண்டு. சின்ன வயதிலேயே தாயை இழந்த அவரை வளர்த்தது அவருடைய அக்கா. அந்த அக்காவுக்குச் சர்க்கரை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. ஒவ்வொரு முறையும் கூட இருந்தவர் இவர்தான். மூன்றாவது முறைக்குப் பிறகு அக்கா வீடு திரும்பவில்லை. கல்யாணமான புதிதில் என் காலில் முள் குத்தினால்கூட வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பத்து நிமிஷம் பாதத்தைப் பார்ப்பார். ஏன் இப்படிப் பார்க்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீடு கம்பத்துக்குத் தெற்கே, திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. வீட்டிலிருந்து ரோட்டுக்கு வர வேண்டுமென்றால் பந்தலுக்கு அடியில் குனிந்தபடியே நடக்க வேண்டும். பழம் முற்றும் காலத்தில் தலையில் கொத்து இடிக்கும். மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

சீட்டு வந்த மறுநாளே சீனி டப்பா, வெல்லம், பேரீச்சம்பழம், தேன் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டினார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வேளாவேளைக்கு அவரே எடுத்துத் தந்தார். சோறு வடிக்கும்போது வந்து பக்கத்தில் நின்றார். நான் தட்டில் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு கரண்டியையும் அவர் கண் கூடவே வந்தது. திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான். எனக்கு விலக்கானதைத் தானும் விலக்கிக்கொண்டார். தோட்டத்தில் பகல் முழுக்க வேலை செய்கிற மனுஷன், என் அளவுக்கே சோறு போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அவரே அப்படி இருக்கும்போது நான் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

காளான் வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி கேட்டவர், ஜெயமங்கலம் பக்கம் ஒரு பயிற்சி நடக்கிறது என்று பஸ் ஏறிப் போனார். இரண்டு நாள் கழித்துக் காளான் வித்துப் பொட்டலங்களோடும் ஒரு அச்சடித்த தாளோடும் வந்தார். தாளை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சிப்பிக் காளானில் மாவுச்சத்து குறைவு, நார்ச்சத்தும் புரதமும் உண்டு, நீரிழிவு உள்ளவர்கள் உணவில் சேர்க்கலாம் என்று போட்டிருந்தது. சேர்க்கலாம் என்று இருந்ததை அவர் தீர்க்கலாம் என்று படித்துவிட்டார்.

"இதுதேன் நமக்கு வழி. நீ ஒண்ணுக்கும் பயப்படாத" என்றார்.

பயந்தது யார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்றில் கொட்டகை போட்டார். உள்ளே தரையில் மணல் பரப்பி, சுற்றிலும் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டோம். வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, தார்ப்பாயில் விரித்து உலர்த்துவது என் வேலை. கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டுத் தண்ணீர் வரக்கூடாது. அந்தப் பக்குவத்தில் பாலித்தீன் பையில் வைக்கோல் ஒரு அடுக்கு, வித்து ஒரு அடுக்கு என்று போட்டுக் கட்டி, கயிற்றில் தொங்கவிடுவோம். நாளுக்கு மூன்று தடவை சாக்குகளை நனைக்க வேண்டும். வெளியே பந்தலின் இருட்டு, உள்ளே கொட்டகையின் இருட்டு. ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் குனிந்து குனிந்து போய்வந்ததில், ரோட்டில் நிமிர்ந்து நடக்கும்போது தலை கிறுகிறுத்தது.

மூன்று வாரத்தில் பைகளின் துளைகளிலிருந்து சின்னச் சின்ன மொட்டாகக் கிளம்பி, இரண்டே நாளில் சிப்பி சிப்பியாக விரிந்துவிட்டது. முதல் நாள் சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டு வதக்கினேன். ருசியாகவே இருந்தது, அதை மறைக்கக் கூடாது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாருக்கு" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு வருஷம் தண்டனை அனுபவித்தேன்.

காலையில் கேழ்வரகுக் கூழில் காளான் பொடி. மத்தியானம் காளான் குழம்பும் காளான் வதக்கலும், ஓரத்தில் ஒரு பிடி சோறு. ராத்திரி காளான் சாறு. கறி எடுக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் கறிக்குப் பதில் காளான். வயிறு நிறைந்திருக்கும். ஆனால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அடுத்த வீட்டுத் தோட்டத்தில் பொங்கல் வைக்கிற வாசனை வந்தால் வேலையை விட்டுவிட்டு அப்படியே நிற்பேன். அவர் வந்து பக்கத்தில் நிற்பார்.

ஒரு நல்லது நடந்தது. காளான் எங்கள் இரண்டு பேருக்கும் மிஞ்சி விளைந்தது. வாரத்துக்கு ஒருமுறை கூடையில் எடுத்துக்கொண்டு கம்பம் உழவர் சந்தைக்குப் போய் விற்று வரும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வாரத்தில் எனக்கென்று கிடைத்தது அந்த ஒரு காலைப் பொழுதுதான்.

முதல் வாரமே, விற்று முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தபோது டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பால்பன் அடுக்கியிருந்தது. சீனிப்பாகில் ஊறிய, உருண்டையான, மேலே மொறுமொறுப்பான அந்தப் பால்பன். ஒன்று வாங்கிக்கொண்டு கடையின் பக்கச் சந்துக்குள் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தின்றேன். பாகு விரலில் ஒட்டியது. விரலை நக்கினேன், பிறகு குழாயடியில் கையைக் கழுவினேன், முந்தானை நுனியையும் கழுவினேன். சேலையில் ஒரு எறும்பு ஏறினாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த வாரம் இரண்டு தின்றேன்.

மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். காளான் ஆரம்பித்த பிறகு எடுத்த முதல் சீட்டில் எண் குறையவில்லை, கூடியிருந்தது. அவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கொட்டகையில் பைகளுக்கு நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து, "எங்க தப்பு நடக்குதுன்னு தெரியலயே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். தப்பு எந்தச் சந்தில் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் உட்கார்ந்திருந்த விதத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதனால் அடுத்த மாதம் ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பிருந்தே பால்பன், சோறு, கூழ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். வெறும் காளானும் மோரும். மூன்றாம் நாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் பஸ்ஸில் ஏறினேன். எண் நன்றாக இறங்கியிருந்தது. அவர் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கினார். வீட்டுக்கு வந்ததும், கரண்ட் பில் குத்தி வைக்கும் கம்பியை எடுத்துப்போய்க் கொட்டகை வாசலில் மாட்டி அதில் அந்தச் சீட்டைக் குத்தினார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் நான் அந்தக் கம்பிக்காக மூன்று நாள் பட்டினி கிடந்தேன். மீதி நாளில் சந்தைக்குப் போனேன்.

சீட்டு ஐந்தாறு சேர்ந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லோரும் சர்க்கரைக்காரர்கள். குமுளி பக்கம் ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிற ஒருவர் காளானை மலையாளத்தில் 'கூனு' என்றுதான் சொல்வார். வாரா வாரம் வாங்குவார். எங்களுக்குத் தபால் கொண்டுவருகிற போஸ்ட்மேனும் வாங்க ஆரம்பித்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைத் தங்கச்சி என்பார், இவரை மாப்ள என்பார். சைக்கிளைப் பந்தல் கல்தூணில் சாய்த்துவிட்டு, கொட்டகை வாசலில் நின்று ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிப் படிப்பார்.

ஒருநாள் காளானைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு என்னிடம் நேராகக் கேட்டார்.

"தங்கச்சி, நீங்க மாத்திர போடுறீகளா, நிப்பாட்டிட்டீகளா?"

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார்: "பாதியாக் கொறச்சாச்சு மச்சான். இன்னும் ரெண்டு மாசத்துல அதுவும் தேவப்படாது."

அது நிஜம்தான். நல்ல சீட்டுகளைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல், மாத்திரையை நகத்தால் இரண்டாக உடைத்துப் பாதியைத்தான் தந்துகொண்டிருந்தார்.

போஸ்ட்மேன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சொல்ல வேண்டிய பதிலுக்காகத்தான் நின்றார். "ஆமாண்ணே" என்றேன்.

"அம்புட்டும் காளான்தானா?"

"ஆமாண்ணே."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு அடியில் தலை குனிந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடலாம் என்று தோன்றியது. கூப்பிட்டு என்ன சொல்வது? என் கணவர் பக்கத்திலேயே நின்றார், சிரித்த முகத்தோடு. எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் அவர் முகம் அந்த ஆய்வுக்கூடத்துப் படியில் இருந்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்த நாலைந்து மாதம் நான் நன்றாக இல்லை. தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். சந்தைப் பலகையில் எழுதியிருக்கும் எழுத்து கலங்கியது. பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கும், குனிந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. எதையும் சொல்ல முடியவில்லை. சொன்னால் சீட்டு பொய் என்றாகிவிடும். சீட்டு மட்டும் மாதா மாதம் நன்றாக வந்தது.

பிறகு ஒருநாள் வேறு ஒரு ஆள் தபால் கொண்டுவந்தார். பழையவர் எங்கே என்று கேட்டேன்.

"அவருக்குக் கால்ல புண்ணு. தேனி ஆஸ்பத்திரில சேத்துருக்காக. மாத்திரய நிப்பாட்டிட்டு ஏதோ காளானத் தின்னுக்கிட்டு இருந்துருக்காரு" என்றார், அந்தக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டே.

என் கணவர் மருந்தடிக்கும் ஆட்களோடு தோட்டத்தின் அந்தக் கோடியில் இருந்தார். மறுநாள் நான் சந்தைக்குப் போகிற நாள். கூடையோடு கிளம்பினேன், கம்பத்தில் இறங்கி, சந்தைக்குப் போகாமல் தேனி பஸ்ஸில் ஏறினேன். பழனிசெட்டிபட்டி தாண்டும்வரை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் அமையவில்லை.

வார்டில் அவர் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். பாதம் முழுக்கக் கட்டு. அவருடைய மனைவி கட்டிலுக்கு அடியில் டிபன் கேரியரை வைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் போஸ்ட்மேன் எழுந்து உட்காரப் பார்த்தார். "வாங்க தங்கச்சி. இம்புட்டுத் தூரம் எதுக்கு அலைஞ்சீக?"

நின்றபடியே சொன்னேன். பால்பனைச் சொன்னேன், டீக்கடைச் சந்தில் ஒளிந்து நின்றதைச் சொன்னேன், மூன்று நாள் பட்டினியைச் சொன்னேன். "அந்தச் சீட்டு பூராம் பொய்யிண்ணே. நீங்க கேட்டப்பயே நான் சொல்லிருக்கணும்."

அவர் கூரையைப் பார்த்தார். "டாக்டரு மாத்திரய விட்ராதன்னு சொல்லித்தேன் குடுத்தாரு. விட்டது நாந்தான" என்றார்.

அவருடைய மனைவிக்கு அந்தப் பெருந்தன்மை தேவைப்படவில்லை. அவர் என் அருகில் வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ரெண்டு விரல எடுக்கணுங்கறாக. நீங்க ஒங்க வீட்டுக்காரருக்குப் பயந்துக்கிட்டுப் பொய் சொன்னீக, சரி. நாங்க யாருக்குப் பயந்தோம்? அந்தக் கூடைய எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

கூடையை எடுத்துக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அவர் கொட்டகையில் சாக்குகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். விற்காமல் திரும்பி வந்த கூடையைப் பார்த்தார். "என்ன, சந்த இல்லையா?"

அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தண்ணீர்ச் செம்பை மணலில் வைத்துவிட்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எத்தன மாசமா?"

"பத்து மாசத்துக்கு மேல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

"எப்படிச் சொல்ல? நீங்களும் எங்கூடச் சேந்து அதையே தின்னீக. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நீங்க மட்டும் வயிறாரச் சாப்புட்டுருந்தீகன்னாக்கூட ஒங்களத் திட்டிருப்பேன். அதுக்கும் வழி இல்லாமப் பண்ணிட்டீக."

அவர் செம்பைத் திருப்பித் திருப்பி வைத்தபடி, "எங்க அக்காவும் இப்படித்தேன் ஒளிச்சு ஒளிச்சுத் தின்னுச்சு" என்றார். "நான் பாத்துட்டு, பாக்காத மாதிரி போயிட்டேன். அதான் இந்தத் தடவ கண்ண எடுக்கவே கூடாதுன்னு..." எழுந்து போய்க் கம்பியோடு சீட்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

இரண்டு நாள் கழித்து கம்பத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். அந்தச் சீட்டுகளை அவர் முன்னால் வைத்து, "இது அம்புட்டும் தப்பு டாக்டர்" என்று என் கணவரே சொன்னார். டாக்டர் எனக்கு வேறொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். கடைசி மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரி அதில் தெரிந்துவிடும், இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது என்றார். அந்த முடிவு வந்தபோது, நான் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது.

டாக்டர் முதலில் என்னைத் திட்டினார். மாத்திரையும் போட்டுக்கொண்டு பட்டினியும் கிடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ரோட்டில் விழுந்திருப்பீர்கள் என்றார். பிறகு இவரைப் பார்த்துத் திரும்பினார்.

"காளான் நல்ல சாப்பாடுதான். மாவுச்சத்து கம்மி, வயிறும் நிறையும். தட்டுல சோத்தைக் குறைச்சு அந்த இடத்துல வைக்கலாம். கறிக்குப் பதிலா வைக்கலாம். மாத்திரைக்குப் பதிலா வைக்க முடியாது. அவங்க மனுஷிதானே, ஒரு கரண்டி சோறாவது நிம்மதியாச் சாப்பிடட்டும்."

வெளியே வந்ததும் இவர் டிவிஎஸ் ஃபிஃப்டியை ஸ்டார்ட் செய்யாமல் அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். "காளான் வாங்குன ஆளுக எல்லாத்துகிட்டயும் போயிச் சொல்லணும்" என்றார்.

"நானும் வாரேன்" என்றேன்.

"நீ வேணாம். ஒனக்கு அசிங்கமாருக்கும்."

"பொய் சொன்னது நானு. நாந்தான் சொல்லணும்."

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு வீடாகப் போனோம். சிலர் சிரித்தார்கள். ஒரு வாத்தியார், தான் மாத்திரையை விடவே இல்லை, காளானை ருசிக்குத்தான் வாங்கினேன் என்று கோபித்துக்கொண்டார். ஜீப் ஓட்டுகிறவர் தானும் பாதி மாத்திரைதான் போட்டுவருவதாக ஒப்புக்கொண்டு, அப்போதே டாக்டரிடம் கிளம்பினார். அந்த ஒரு வீட்டுக்காக எல்லா வீட்டுக்கும் போனது தகும் என்று இவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கடைசி வீடு கோம்பையில். அந்த வீட்டு நாய் எங்களைக் கேட்டுக்கு உள்ளே விடவில்லை. வீட்டுக்காரம்மா நாயைப் பிடிக்க முடியாமல் உள்ளிருந்தே என்ன விஷயம் என்று சத்தமாகக் கேட்டார். நாய் குரைப்பதற்கு மேல் என் குரல் எழ வேண்டியிருந்தது. நான் ஒளிந்து பால்பன் தின்ற கதையை அந்தத் தெருவே நின்று கேட்டது. சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அந்தம்மா நாயைக் கட்டிவிட்டு வந்து, "அப்ப இப்ப என்னதான் சாப்புடுறீக?" என்று கேட்டார்.

"மதியம் ரெண்டு கரண்டி சோறு, மொச்சக் கொழம்பு, காளான் வதக்கலு. மாத்திர முழுசு" என்றேன்.

"அதத்தான டாக்டரு எனக்கும் சொன்னாக. இதுக்கா இங்கன வரைக்கும் வந்தீக?" என்றவர், வெயிலைப் பார்த்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

போஸ்ட்மேனுக்கு இரண்டு விரலை எடுத்தார்கள். புண் ஆறியது. பிறகு அவருக்கு ஆபீஸுக்குள்ளேயே உட்கார்ந்து முத்திரை குத்துகிற வேலை கொடுத்தார்கள். நாங்கள் அங்கே போனால் பேசுவார். அவருடைய மனைவி இன்றுவரை என்னோடு பேசவில்லை, நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

கொட்டகை மேலும் சில வருஷம் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் காளான், மற்ற நாளில் மற்றவை என்றானபோது எனக்குக் காளான் மறுபடி பிடிக்க ஆரம்பித்தது. சர்க்கரை போகவில்லை, போகவும் போகாது. சில வேளைகளில், அடுப்பு முன்னால் நிற்கும்போது, இந்த உடம்புக்குள் சாகிறவரை இப்படியேதான் இருக்க வேண்டுமா என்று மூச்சு முட்டும். அவரும் முழுக்க மாறிவிடவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் இன்றும் அவர் கண் என் தட்டுக்கு வந்துவிடும்.

"பாக்காதீக" என்பேன்.

அவர் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு பந்தல் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிடுவார்.